பலகையில் பதினாறு குறி

மொச்சை உரித்துக்கொண்டே இந்தக் கதையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பாதிக் கூடை ஆச்சு. கையைத் துடைத்துவிட்டு, மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன். மீதி மொச்சை எங்கே ஓடிவிடப் போகிறது.

"அம்மா, இந்தக் குறிக்கு என்ன அர்த்தம்?"

கேட்டவருக்கு அறுபது வயது. பேர் மருதப்பர். பாளையத்து ராஜாவோடு தினமும் சதுரங்கம் ஆடுகிறவர். அதற்கென்றே அரண்மனையில் அவருக்கு ஒரு பீடம் உண்டு.

பதில் சொல்ல வேண்டியவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பேர் நீலாயி. ஆறு கடலில் கலக்கிற இடத்தில், காற்றுக்காகக் காத்திருக்கிற படகுக்காரர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறவள். எந்தத் தேசத்துக்காரன் வந்தாலும் அவனோடு சதுரங்கம் ஆடுவாள் என்று கேள்விப்பட்டுத்தான் மருதப்பர் இரண்டு நாள் நடந்து வந்திருந்தார்.

பட்டுத்துணியைப் பிரித்துப் பலகையையும் காய்ப் பையையும் அவள் முன்னால் வைத்தார்.

எட்டுக்கு எட்டு, அறுபத்துநாலு கட்டம். கறுப்பு வெள்ளை கிடையாது. எல்லாம் ஒரே மர நிறம். அதில் பதினாறு கட்டத்தில் மட்டும் மூலைக்கு மூலை குறுக்குக்கோடு. நடுவில் நாலு. நாலு மூலையிலும் ஒவ்வொன்று. ஓரங்களில் பக்கத்துக்கு இரண்டு.

"பலகை ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் நீலாயி.

"ஏழு தலைமுறையா ராஜா வீட்டுல இருக்கு."

"இப்ப எதுக்கு இங்க வந்திருக்கு?"

மருதப்பர் சொன்னார்.

மேற்கேயிருந்து ஒரு கப்பல்காரர் வந்திருந்தார். பேர் தொமிங்கு. நம்ம பேச்சை நன்றாகவே பேசுவார். ராஜா அவரை ஆடக் கூப்பிட்டார். தொமிங்கு பலகையைப் பார்த்துவிட்டு, "இந்தக் குறி எதற்கு?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மருதப்பருக்குத் தெரியவில்லை.

சபையில் யாரோ சிரித்தார்கள். ராஜாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"நாப்பது வருஷமா இந்தப் பலகையில ஆடறீர். என்ன கோடுன்னே தெரியாதா? கப்பல் கிளம்பறதுக்குள்ள பதில் வரணும். வரலேன்னா, அர்த்தம் தெரியாத கோடு நமக்கு எதுக்கு? ஆசாரியைக் கூப்பிட்டு இழைச்சுடுவோம். அப்புறம் அரண்மனையில அவங்க பலகை, அவங்க ஆட்டம். உம்ம பீடத்துல அவங்க ஆள் ஒருத்தர்."

இவ்வளவுதான் சங்கதி.

நீலாயி கேட்டுக்கொண்டாள். காய்ப் பையை அவிழ்த்துக் கொட்டி, "ஒரு ஆட்டம் போடலாமா?" என்றாள்.

"நான் ஆட வரலை. பதிலுக்கு வந்தேன்."

"அது பாட்டுக்கு வரட்டும். உங்க ஊர்ல எப்படி?"

"என்ன எப்படி?"

"ஆட்டம். உங்க ஊர்ல எப்படி ஆடுவீங்க?"

"எங்க ஊர் என்ன, உங்க ஊர் என்ன? சதுரங்கம் ஒண்ணுதாம்மா. ஒரே முறைதான்."

நீலாயி காய்களை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"ஏன் எடுக்கறே?"

"ஒரே முறைதான்னா ஒரு ஆள் போதுமே. நீங்களே ஆடிக்கங்க."

அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு. ராத்திரிக்குக் கஞ்சியும் சுட்ட கருவாடும் கொடுத்தாள். படுக்க இடம் காட்டினாள்.

மறுநாள் காலையில் மருதப்பர் திரும்பக் கேட்டார்.

"குறிக்கு என்ன அர்த்தம்?"

அவர் கையில் விளக்குமாற்றைக் கொடுத்துவிட்டுப் போனாள் நீலாயி.

அரண்மனைப் பீடத்துக்காரர் கஞ்சிக் கொட்டகையைக் கூட்டினார். கூட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். வேறு என்ன செய்வார்.

வங்காளத்துப் படகுக்காரன் ஒருவன் காய் அடுக்கினான். யானை நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மரப்படகை வைத்தான்.

மருதப்பரால் சும்மா இருக்க முடியவில்லை. "தம்பி, அது யானையோட இடம்."

"எங்க ஊர்ல வெள்ளம் வந்தா யானை முங்கிடும் பெரியவரே. படகுதான் மிதக்கும்."

எதிரே மணல் தேசத்துக்காரன். அவன் பையிலிருந்து ஒட்டகம் வந்தது. அவனுடைய மந்திரி கோணலாக ஒரே ஒரு கட்டம் நகர்ந்தார். அதற்குமேல் நகரவில்லை.

"என்னப்பா, உங்க மந்திரி இவ்வளவு மெல்லப் போறாரு?"

"பழைய மந்திரி. முட்டி வலி."

கொட்டகையே சிரித்தது.

மத்தியானம் தொமிங்குவின் கப்பலிலிருந்து இரண்டு பேர் தண்ணீர் பிடிக்க வந்தார்கள். அவர்களும் ஒரு ஆட்டம் போட்டார்கள். அவர்கள் ஆட்டத்தில் மந்திரியே இல்லை. அந்த இடத்தில் ஒரு ராணி. முன்னே, பின்னே, கோணலாக, எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடினாள்.

"அப்பாடா, ஒரு ஊர்லயாவது ஓட விட்டிருக்காங்க" என்றாள் நீலாயி, கஞ்சியைக் கிண்டிக்கொண்டே.

மருதப்பர் வாயைத் திறந்தார். "எங்க ஊர்ல ராஜாவுக்கு ஒரு சலுகை உண்டு. ஆட்டத்துல ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாவலாம். எதிரி 'ராஜா!'ன்னு ஒரு தடவை அதட்டிட்டா அந்தச் சலுகை போயிடும்."

"ராஜா தாவுவாரா?" மணல் தேசத்துக்காரன் கண்ணை விரித்தான். "கிரீடம் விழாதா?"

"பிடிச்சுக்குவார்."

மருதப்பர் தன்னை அறியாமல் சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தபோது அவருக்கும் சிரிப்பு வந்தது. சட்டென்று அடக்கிக்கொண்டார்.

ஒன்றை மட்டும் கவனித்தார். எந்த இரண்டு பேர் உட்கார்ந்தாலும் முதலில் காயை நகர்த்துவதில்லை. "உங்க ஊர்ல எப்படி?" என்று ஒருத்தர் கேட்பார். மற்றவர் சொல்வார். அப்புறம் அவர் கேட்பார். எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று பேசி முடித்த பிறகுதான் முதல் காய் நகரும். சில சமயம் பேச்சு ஆட்டத்தைவிட நீளமாக இருந்தது. யாரும் அவசரப்படவில்லை. காற்று வருகிறவரைக்கும் வேறு வேலை என்ன.

மூன்றாம் நாள் மருதப்பர் விளக்குமாற்றைத் தானே எடுத்துக் கூட்டிவிட்டுக் கேட்டார்.

"அம்மா, குறிக்கு என்ன அர்த்தம்?"

"நீங்க யார் யாரைக் கேட்டீங்க?"

"சோசியரைக் கேட்டேன். பதினாறு பேறுன்னு சொன்னார். புலவரைக் கேட்டேன். பெரிய போர்ல பதினாறு வீரர்கள் விழுந்த இடம்னு சொன்னார். கோயில் குருக்களைக் கேட்டேன். அது தெய்வத்தோட இடம், கேக்கப்படாதுன்னார்."

"பலகை செய்யற ஆசாரியைக் கேக்கலையா?"

"கேட்டேன். எங்கப்பா போட்டார், நானும் போடறேன், போடலேன்னா மொட்டையா இருக்கும்னான்."

நீலாயிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. தலையை ஆட்டினாள்.

"வேற யாரையும் கேக்கலையா?"

"வேற யார் இருக்கா கேக்க?"

நீலாயி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் வலையைப் பிரித்து முடிச்சுப் போட உட்கார்ந்துவிட்டாள்.

நாலாம் நாள் விடியும்போதே மழை.

படகுக்காரர்கள் படகைக் கட்டப் போய்விட்டார்கள். உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள் ஐந்தாறு பேர் கொட்டகைக்குள் ஓடி வந்தார்கள். தலையைத் துவட்டினார்கள். கொஞ்ச நேரம் மழையைத் திட்டினார்கள். அப்புறம் ஒருத்தி மடியிலிருந்து சோழியை எடுத்தாள்.

"கட்டம் எங்கடி போடறது? தரையெல்லாம் ஈரம்."

மருதப்பர் கிணற்றடியிலிருந்து குளித்துவிட்டு வந்தார். வந்தவர் அப்படியே நின்றார்.

ராஜா வீட்டுப் பலகை கொட்டகை நடுவில் கிடந்தது. பட்டுத்துணி ஒரு பக்கம். சுற்றி ஐந்தாறு பெண்கள். பலகைமேல் கிளிஞ்சலும் கூழாங்கல்லும். சோழி உருளுகிற சத்தம்.

"தொடாதீங்க! அது சதுரங்கப் பலகை!"

யாரும் நிமிரவில்லை.

"பெரியவரே, காலைத் தள்ளி வைங்க. சோழி உங்க காலடியில வந்துடுச்சு."

"அது ஏழு தலைமுறை..."

"காலை எடுங்கன்னா."

காலை எடுத்தார்.

"நாலு! போடி, அவளை வெட்டு!"

"எங்க வெட்டறது? மலையில ஏறி உக்காந்துட்டாளே!"

"அடச்சே."

வெட்ட வந்தவள் உச்சுக்கொட்டினாள். துரத்தப்பட்ட கிளிஞ்சல் ஒரு கட்டத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

அந்தக் கட்டத்தில் குறுக்குக்கோடு.

மருதப்பர் குனிந்தார். ஈரத்தலையிலிருந்து தண்ணீர் பலகையில் சொட்டியது. அவர் துடைக்கவில்லை.

ஓரத்திலிருந்து காய்கள் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. வழியில் குறி. மூலையில் குறி. கடைசியில், போய்ச் சேருகிற நடுவீட்டில் நாலு குறி.

"அந்தக் கட்டத்துல நின்னா என்ன?"

அவர் கேட்டது அவருக்கே கேட்டிருக்காது. அவ்வளவு மெல்லக் கேட்டார்.

"தாயம் ஆடினது இல்லையா நீங்க?" ஒருத்தி ஆச்சரியமாகப் பார்த்தாள். "அது மலை. மலையில நின்னா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. மூச்சு வாங்கிக்கலாம்."

தாயம் தெரியாத மனிதர் உண்டா என்று கேட்கலாம். மருதப்பரை ஐந்து வயதில் சதுரங்கப் பள்ளியில் விட்டுவிட்டார்கள். சோழி உருளுகிற பக்கம் திரும்பினாலே பிரம்படி. பெரியவரான பிறகு பிரம்பு தேவைப்படவில்லை. தானாகவே திரும்பாமல் இருந்துகொண்டார்.

"இந்தப் பலகையில ஆடலாம்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"குறிதான் சொல்லுதே."

மழை விட்டது. பெண்கள் சோழியை முடிந்துகொண்டு உப்பளத்துக்குப் போனார்கள். நீலாயி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். மருதப்பர் பலகை முன்னால் உட்கார்ந்தே இருந்தார்.

"அப்ப முதல்ல இது தாயப் பலகை."

"ம்."

"சதுரங்கம்?"

"பின்னால வந்து உக்காந்தது."

"யாரையும் கேக்காமயா?"

"கேட்டிருக்கும். கொஞ்சம் நகந்துக்கங்கன்னு."

"நாலு படை, ராஜா, மந்திரி, அத்தனை பேரும் வந்து உக்காந்தும் இந்தக் கோடு மட்டும் அப்படியே..."

"போடலேன்னா மொட்டையா இருக்குமே."

மருதப்பர் ஈரமாயிருந்த பலகையைத் துண்டால் துடைத்தார். ரொம்ப நேரம் கழித்துத்தான் அவருக்கு அடுத்த பயம் வந்தது.

"இதை நான் சபையில எப்படிச் சொல்லுவேன்? ராஜா வீட்டுப் பலகை பொம்பளைங்க தாயம் ஆடின பலகைன்னு சொன்னா கொன்னே போடுவாங்க. பதினாறு பேறுன்னு சொன்னா எல்லாருக்கும் சந்தோசம். பீடமும் தங்கும். நான் எப்படிம்மா சொல்லுவேன்?"

"வாயாலதான்."

"வெளையாடறியா?"

"பொய் சொன்னாலும் வாயாலதான் சொல்லணும் ஐயா. எது உங்க வாய்க்கு லேசா இருக்குன்னு பாருங்க."

கிளம்புமுன் மருதப்பர் பட்டுத்துணியைப் பிரித்தார். காய்ப் பையை நீலாயியிடம் நீட்டினார்.

"உங்க ஊர்ல எப்படிம்மா?" என்றார்.

நீலாயி கையிலிருந்த வலையைக் கீழே வைத்தாள்.

அன்று ஆடிய ஆட்டத்தில் ஒரு மூலையில் யானை நின்றது, எதிர் மூலையில் படகு நின்றது. அவருடைய ராஜாவுக்குத் தாவல். அவளுக்கு ஓடுகிற ராணி. தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டு நின்றார்கள். யாருக்கும் குழப்பமே வரவில்லை.

மருதப்பர் வீடு வந்து சேர்ந்தபோது அவர் மனைவி வடிவு பருப்புக் கடைந்துகொண்டிருந்தாள்.

அவர் பலகையைக் கொண்டுபோய்ச் சமையல்கட்டிலேயே வைத்தார். நாற்பது வருடத்தில் அது அங்கே வந்ததில்லை.

"வடிவு, இந்தக் குறி என்ன தெரியுமா?"

அவள் மத்தை நிறுத்தவில்லை.

"மலை."

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"கல்யாணம் ஆகி வந்த மூணாம் நாள், அரண்மனையிலேர்ந்து பலகையை எடுத்துட்டு வந்து துடைக்கச் சொன்னீங்களே. அப்பலேர்ந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொல்ல வந்தேன். இதப் பத்தி உனக்கென்ன தெரியும், போய் அரிசியைப் பாருன்னீங்க. பாத்தேன்."

"அது அன்னைக்கு. அதுக்கப்புறம் நாப்பது வருஷம் இருக்கே."

"அதுக்கப்புறம் நீங்க கேக்கலையே. போன மாசம் ஊரெல்லாம் கேட்டீங்க. சோசியரைக் கேட்டீங்க, புலவரைக் கேட்டீங்க, குருக்களைக் கேட்டீங்க. சரி, அடுத்தது நம்மகிட்ட வருவாரு போலன்னு பாத்தேன். பைய எடுத்துக்கிட்டுக் கடற்கரைக்குப் போயிட்டீங்க."

மருதப்பர் பலகையைப் பார்த்தார். பருப்பைப் பார்த்தார்.

"என் சோழி இருந்துது, பொறந்த வீட்டுலேர்ந்து கொண்டு வந்தது" என்றாள் வடிவு. "அதத் தூக்கிக் குப்பையில போட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ம். இலையப் போடட்டுமா?"

சபை கூடியது.

ஆசாரி இழைப்புளியோடு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். தொமிங்கு ஒரு பக்கம். கப்பல் மறுநாள் கிளம்புகிறது.

சோசியர் எழுந்தார். பதினாறு குறியும் பதினாறு பேறு என்றார். ஒவ்வொன்றாக அடுக்கினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ராஜாவுக்கு முகம் மலர்ந்தது. மருதப்பர் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"இதையே நீரும் ஆமான்னு சொல்லிடும். முடிஞ்சுது. பீடம் உமக்குத்தான்."

மருதப்பர் பீடத்தைப் பார்த்தார். அதன் ஒரு கை வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. அவர் கை வைத்து வைத்துத் தேய்ந்த இடம்.

"இல்லைங்க ராஜா" என்றார். "அது மலை."

"என்னது?"

"தாயத்துல வர்ற மலை. இது தாயம் ஆடின பலகை. சதுரங்கம் அப்புறமா வந்து இதுல உக்காந்திருக்கு. குறி தாயம் ஆடினவங்களுது. நாம அழிக்காம விட்டோம், அவ்வளவுதான்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் சபை வெடித்துச் சிரித்தது.

"அடுப்பங்கரை ஆட்டமா? அரண்மனைப் பலகையிலயா?"

"யாருய்யா உமக்குச் சொன்னது?"

"கடற்கரையில ஒரு அம்மா கொட்டகையில உப்பளத்துப் பெண்கள் காட்டினாங்க. வீட்டுல என் மனைவி சொன்னா."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ராஜாவின் முகம் சிவந்தது. ஆசாரி இழைப்புளியைக் கையில் எடுத்தார்.

தொமிங்கு மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து தன்னுடைய பலகையைக் கொண்டுவந்து, அந்தப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். அது ஒரு கட்டம் கறுப்பும் ஒரு கட்டம் வெள்ளையுமாக இருந்தது.

"இது எங்க ஊர்ப் பலகை" என்றார். "சின்ன வயசுலேர்ந்து ஆடறேன். எல்லாக் கட்டமும் ஒரே நிறமா இருந்தாலும் ஆட்டம் நடக்கும், இங்க நடக்குதே. அப்புறம் எங்களுக்கு எதுக்குக் கறுப்பு, எதுக்கு வெள்ளை? நான் யாரையும் கேட்டதில்லை."

பலகையைத் தடவினார்.

"ஊருக்குப் போனதும் என் பெண்டாட்டியைக் கேக்கணும்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பின்வரிசையில் ஒரு தளவாய் தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டுலயும் அத மலைன்னுதான் சொல்லுவாங்க."

"எங்க வீட்டுலயும்" என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்.

புலவர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்க அக்காவும் தங்கச்சியும் ஆடுவாங்க. பாத்திருக்கேன். ஆனா, சபையில போய் அதை எப்படி..."

சோசியர் மேல்துண்டைச் சரி செய்துகொண்டார்.

ராஜா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் விரலை எடுத்து ஒரு மூலைக் குறியின்மேல் வைத்தார்.

"எங்கம்மாகூட இங்க உக்காந்துக்குவாங்க" என்றார். "இங்க வந்து உக்காந்தா வெட்டவே முடியாது. நான் அழுவேன்."

ஆசாரியைப் பார்த்தார்.

"நீ வீட்டுக்குப் போப்பா."

மருதப்பரும் தொமிங்குவும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எந்த முறையில் ஆடுவது என்று பேசி முடிக்க அரை நாள் ஆனது. ராஜா தாவலாம் என்றதும் தொமிங்கு நாலு தடவை தாவ வைத்துப் பார்த்தார். சிப்பாய் முதல் அடியில் இரண்டு கட்டம் போகலாம் என்றதும் மருதப்பர், "அவனுக்கு என்ன அவசரம்?" என்று கேட்டார். சபை முழுக்க எட்டி எட்டிப் பார்த்தது.

ஆட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. தொமிங்கு ஜெயித்தார். மருதப்பர் அந்த ஒரே ஒரு தாவலைக் கடைசிக்கு ஆகும் என்று பத்திரமாக வைத்திருந்தார். தொமிங்கு "ராஜா!" என்று அதட்டியபோது அது போய்விட்டது.

ராஜா அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. பீடத்தை மருதப்பர் பக்கம் அவரே நகர்த்திப் போட்டார். பலகையையும் அவருக்கே கொடுத்தார்.

"எடுத்துட்டுப் போய் அந்தக் கடற்கரை அம்மாவுக்குக் காட்டும். அப்புறம் திரும்பி வாரும். நாளன்னைக்கு ஆடணும்."

"நாலு நாள் ஆகும் ராஜா."

"சரி, அஞ்சு நாள்."

இந்தத் தடவை மருதப்பர் தனியாகப் போகவில்லை. வடிவும் வந்தாள். வழியெல்லாம் அவர்தான் பலகையைச் சுமந்தார். அவள் ஒரு கட்டுச்சோற்று மூட்டையும் புதுச் சோழி ஆறும் கொண்டுவந்தாள். சோழி வாங்கிக் கொடுத்தது யார் என்று எழுத வேண்டியதில்லை.

நீலாயி வடிவைப் பார்த்தாள். வடிவு நீலாயியைப் பார்த்தாள். ரொம்ப நாள் பழகினவர்கள் மாதிரி உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள்.

மருதப்பர் சபையில் நடந்ததை எல்லாம் சொன்னார். அப்புறம், சின்னப் பையன் மாதிரி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணு. வர்ற வழியெல்லாம் அதே யோசனை. சதுரங்கத்துக்கு முன்னால தாயம். சரி. தாயத்துக்கு முன்னால இந்தப் பலகையில என்ன?"

நீலாயி புளிச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே வடிவைப் பார்த்தாள்.

வடிவு கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். பலகையை மடியில் வைத்தாள். அடிப்பக்கத்தில் சிவப்புப் பட்டு இழுத்து ஒட்டியிருந்தது. ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள்.

"ஏய், ஏய்! ராஜா வீட்டுப் பட்டு!"

"திரும்ப ஒட்டிக்கலாம்."

சர்ரென்று கிழிந்தது. பலகையைக் கவிழ்த்தாள்.

மரம் முழுக்கக் கீறல். குறுக்கும் நெடுக்குமாக, ஆழமாக, ஒன்றின்மேல் ஒன்றாக. நடுவில் ஒரு பெரிய கறுப்புக் கறை.

மூன்று பேரும் குனிந்தார்கள்.

நீலாயி விரலால் தடவிப் பார்த்தாள். "மீன்."

"மீன் இல்ல" என்றாள் வடிவு. "பலாப்பிஞ்சு. பால் ஊறின கறை இப்படித்தான் இருக்கும்."

"அக்கா, நான் தெனம் மீன் அரியறவ. இது மீன் வெட்டின பலகைதான்."

"நீ தெனம் மீன் அரியறவ. நான் முப்பது பேருக்குப் பலாப்பிஞ்சுக் கறி செஞ்சவ. கறையைப் பாரு, ஓரத்துல எப்படிப் பிசுக்கு ஏறியிருக்கு."

"ரெண்டும் வெட்டியிருக்கலாம்."

"அது இருக்கலாம்."

மருதப்பர் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, அந்தக் கீறல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இந்த மூலையில் ஆரம்பித்து அந்த மூலை வரைக்கும். ஏதோ புது ஆட்டத்தின் கட்டங்களைப் படிக்கிற மாதிரி.

கடைசியில் தலையை நிமிர்த்தினார்.

"சரி. இந்த ஆட்டத்துல யாரு ஜெயிச்சது?"

"சாப்பிட்டவங்க" என்றாள் வடிவு.

இந்தக் கதையில் எனக்குப் புரிந்தது என்னவென்றால், அத்தை கூப்பிடுகிறார்கள், பாப்பா தூளியில் எழுந்துவிட்டாளாம், இதோ வந்துட்டேன் அத்தை, ஒரே ஒரு வரிதான் பாக்கி, அது